கிணற்றுக்கு ஒரு முழம் கயிறு

ஆட்கள் போகப் போக எங்கள் தீவு மேலே வந்தது. இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. சனம் இறங்கிய வள்ளம் மேலே வராமல் கீழேயா போகும்? வெளியூரிலிருந்து வந்த ஒரு பேப்பர்காரன் மாத்திரம் "அதெப்பிடி ஐயா, அதெப்பிடி" என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டு திரிந்தான். நாங்கள் அவனுக்கு ஒடியற்கூழ் காய்ச்சிக் கொடுத்து, ஏணியில் இறக்கி, லோஞ்சுப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

நான் பஸ்தியாம்பிள்ளை. தீவின் ஒரே இறங்குதுறையில் நாற்பத்தொரு வருடமாகக் கயிறு பிடிக்கிறவன். லோஞ்சுக்காரன் எறிகிற கயிற்றைப் பிடித்துக் கல்தூணில் சுற்றுவது, புறப்படும்போது அவிழ்த்து விடுவது, இவ்வளவுதான் என் உத்தியோகம். வந்தவர்களுக்குப் பிடித்ததைவிடப் போனவர்களுக்கு விட்டதுதான் அதிகம், அதில் என் மகன் ஜெறோமுக்கு விட்ட கயிறும் ஒன்று.

துறையில் இருபத்தொரு படி, போர்த்துக்கீசப் பறங்கி வெட்டுவித்த படி. எங்கள் கடல் ஒரு சாணுக்கு மேல் வற்றவும் மாட்டாது, பெருகவும் மாட்டாது, ஆகவே தீவு எவ்வளவு பதிந்திருக்கிறது, எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்க்கப் படியை மேலிருந்து எண்ணினால் போதும். பறங்கி வந்த காலத்தில் கடல் எட்டாம் படியில் நின்றதென்று சுவரில் ஒரு கோடு இருக்கிறது, அவன் கோட்டை கட்டி முடித்தபோது மூன்றாம் படியில் நின்றதென்று சிலுவையோடு இன்னொரு கோடு இருக்கிறது. ஒல்லாந்தன் வந்து சாயவேர் கிண்டுவித்தான், கடல் அசையாமல் நின்றது. வெள்ளைக்காரன் வந்து பள்ளிக்கூடம் வைத்தான், அதில் நாலெழுத்துப் படித்தவர்களை மலாயாவுக்கு ரயில் ஓட்டக் கூட்டிக்கொண்டு போனான், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடல் நாலாம் படிக்கு இறங்கியதாம். அதன் பிறகு கொழும்புக்குப் போனார்கள், ஐந்து. சண்டை வந்தது, ஒரே கிழமையில் மூன்று படி, எட்டு. பிறகு கனடாவுக்குப் போனார்கள், லண்டனுக்குப் போனார்கள், நோர்வேக்குப் போனார்கள், பாரிசுக்குப் போனார்கள், போனவர்கள் அண்ணனைக் கூப்பிட்டார்கள், அண்ணன் மச்சானைக் கூப்பிட்டான், நான் விட்டு விட்டுக் கை சலித்துப் பார்த்தால் கடல் பத்தொன்பதாம் படியில் கிடந்தது. அறுபத்துமூன்று பேர் மிஞ்சினோம்.

செத்தவர்களால் தீவு எழும்பவில்லை, அதையும் சொல்லவேண்டும். அவர்கள் எங்கும் போகவில்லையே. என் மனுசி பிலோமினாவை அடக்கம் செய்த அன்று நான் ஓடிப்போய்ப் படியைப் பார்த்தேன், ஒரு விரற்கடைகூட மாறவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆறுதலை எந்தச் சுவாமியாரின் பிரசங்கமும் தந்ததில்லை.

சனம் எதற்கும் பழகிவிடும். கீழ்ப்படிகளில் பாசி வழுக்கியதால் படிக்குப் பக்கத்தில் ஏணி கட்டினோம், பிரசவத்துக்குப் போகிற பெண்களைக் கூடையில் வைத்து இறக்கினோம், மீன் பெட்டிகளைக் கப்பி போட்டு இழுத்தோம். கிணறுதான் பெரும் பாடு. எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, பறங்கியின் குதிரைகள் குடித்ததால் அதற்குப் பெயர் குதிரைக்கிணறு. தீவு எழும்பினால் தண்ணீர் கீழே போகும், வாளிக்கயிறு எட்டாது. ஆகவே ஒரு வழக்கம் வந்தது: தீவை விட்டுப் போகிற வீட்டுக்காரர் கிணற்றுக்கு ஒரு முழம் கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் லோஞ்சில் ஏறவேண்டும். விசா வந்ததா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கடையில் யார் கயிறு வாங்குகிறார் என்று பார்த்துக்கொள்வோம். தும்புக் கயிறு, நைலோன் கயிறு, பச்சை, மஞ்சள், எல்லாம் ஒன்றோடொன்று முடிந்து அந்த வாளிக்கயிறு பிடாரனின் பெட்டிக்குள் பாம்பு கிடக்கிறதுபோலக் கிணற்றடியில் சுருண்டு கிடந்தது. ஜெறோம் கொடுத்தது நீல நைலோன். முடிச்சை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பங்குனியில் வாளி கல்லில் முட்டியது. அரை வாளிதான் வந்தது. அதற்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழே உப்பு. இன்னும் ஒரு படி எழும்பினால் கிணறு காய்ந்துவிடும். காய்ந்தால் அறுபத்துமூன்று பேரையும் அக்கரைக்குக் கொண்டுபோய் வீட்டுத்திட்டத்தில் வைப்போம் என்று அரசாங்கக் கடிதமும் வந்துவிட்டது. ஜெறோம் போனில், "அப்பா, அக்கரைக்குப் போறதெண்டால் ஒரேயடியா இஞ்சை வாங்கோவன்" என்றான். பிலோமினாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

ஊர்ச்சங்கத் தலைவர் அருளம்பலம் மாஸ்ரர் கூட்டம் வைத்தார். சரித்திரம் படிப்பித்தவர், கிணற்றுப் பூட்டின் திறப்பும் அவரிடம்தான், மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில். மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார்: "சரித்திரம் என்ன சொல்லுது? பறங்கி கோட்டை கட்டினான், தீவு அஞ்சு படி பதிஞ்சுது. கனம் வைக்கோணும். கனம்!"

"கனத்துக்கு ரெண்டு ஆனையைக் கொண்டுவந்து கட்டுவமோ மாஸ்ரர்?" என்று நான் கேட்டேன்.

"பஸ்தியர், உமக்கு எல்லாம் பகிடி. பிள்ளையாருக்கு ஏழு நிலையிலை ஒரு கோபுரம் எழுப்பினால் தீவு தன்பாட்டிலை இறங்கும்."

வேதக்காரனான எனக்கும் அதில் மறுப்பில்லை, பிள்ளையாரோ செபஸ்தியாரோ, கனம் கனம்தானே. வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள், அள்ளி அனுப்பினார்கள். கல்லுக்கு எங்கும் அலையவில்லை. இடிந்த கோட்டைக் கல்லும், ஆளில்லாமல் விழுந்த வீடுகளின் கல்லும் போதுமென்று மாஸ்ரர் முடிவு செய்தார். சுமக்கத்தான் ஆளில்லை. இருக்கிற அறுபத்துமூன்று பேருக்கும் முழங்கால் வலி.

அப்படித்தான் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பழனியாண்டியும் மாரியாயியும் வந்தார்கள். பிள்ளைகள், தம்பி குடும்பம், கொழுந்தி குடும்பம், பழனியாண்டியின் மாமனார் என்று மொத்தம் பதினான்கு பேர். மாஸ்ரர் அவர்களைக் கடற்கரையில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருத்தினார். ஊரார் எல்லோரும் அள்ளி முடிந்த பிறகு கடைசி வாளி அவர்களுக்கு என்று சட்டமும் போட்டார். வந்தான் வரத்தானுக்கு அது போதும் என்று நாங்களும் பேசாமல் இருந்தோம், நானும் இருந்தேன்.

மூன்றாம் நாள் மாரியாயி துறைக்கு வந்து என்னைக் கேட்டாள்: "ஐயா, வேல முடிஞ்சாலும் இங்கிட்டே இருந்துக்கிடலாங்களா? அங்க மலை சரிஞ்சு லயத்து வீடு பூரா மண்ணுக்குள்ள போயிருச்சு. திரும்பிப் போக எடமில்லங்க."

"அது மாஸ்ரரிட்டைத்தான் கேக்கோணும் பிள்ளை. என்ரை வேலை கயிறு பிடிக்கிறது" என்று நழுவிவிட்டேன்.

அவள் யாரையும் கேட்கவில்லை. கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முருங்கைத் தடியை நட்டாள். மறுநாள் கடல் பதினெட்டாம் படியில் நின்றது. அன்றைக்குக் கோபுரத்தில் முதல் நிலை முடிந்திருந்தது, ஆகவே ஊர் முழுக்க "கனம் வேலை செய்யுது" என்று வெடி கொளுத்தியது. ஐந்து பிள்ளைகளோடு பூட்ட இருந்த பள்ளிக்கூடத்தில் மாரியாயி தன் பிள்ளைகளின் பெயரைப் பதிந்தாள், கடல் பதினேழாம் படி. மூன்றாம் நிலைக்கு வெடி கொளுத்தினோம். பழனியாண்டி என்னிடம் ஒரு கிழிந்த வீச்சுவலையை வாங்கிப் பின்னிப் பொத்தி, இரண்டு திரளி மீனைப் பிடித்து அதில் ஒன்றை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனான், பதினாறாம் படி. ஐந்தாம் நிலைக்கு வெடி. ஆடியில் அந்த மாமனார் கண்ணை மூடினார். அவரை எங்கள் மண்ணில், சவுக்கு மரத்தடியில் புதைத்தார்கள், பதினைந்தாம் படி; ஏழாம் நிலைக்கு வெடி. நான் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மனதில் ஏதோ நெருடியது, ஆனால் ஊரே சந்தோசமாக இருக்கும்போது குறுக்கே வாயைத் திறக்க எனக்கு என்ன கொள்ளை? வாளி நிறையத் தண்ணீர் வந்தது. மூடிக்கொண்டிருந்தேன்.

கும்பாபிசேகத்துக்கு வெளிநாட்டிலிருந்து இருநூறு பேர், ஆளுக்கு இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார்கள். கடல் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. "அங்கை எல்லாரும் டயட்டிலை இருக்கினம்" என்றார் மாஸ்ரர். பத்தாம் நாள் திரும்பிப் போனார்கள், போகும்போது இரண்டு வீட்டுக் கிழடுகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார்கள், கடல் பதினாறாம் படிக்கு இறங்கியது. அந்த இரண்டு வீட்டாரும் கிணற்றுக்குக் கயிறு கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். மாஸ்ரர் அதைக் கவனிக்கவில்லை, "கோபுரத்துச் சாந்து காயுது, ஈரக்கனம் குறையுதாக்கும்" என்றார். படித்த மனிதருக்கு எதற்கும் ஒரு விளக்கம் கைவசம் இருக்கும்.

பிறகு ரொறன்ரோவிலிருந்து அவருடைய மூத்தவன் போன் எடுத்தான். வேலை முடிந்த பிறகும் அந்தச் சனம் ஏன் நிற்கிறது, பிறகு எங்கள் வளவுகளுக்குள் புகுந்துவிடும், அனுப்புங்கள் என்றானாம். மாஸ்ரர் கொட்டிலுக்குப் போய், வெள்ளிக்கிழமை காலை லோஞ்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மாரியாயிக்கு அப்போது ஏழு மாதம்.

எங்கள் தீவுக் கலியாணத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லவேண்டும். சைவமோ வேதமோ, எங்கள் தீவில் மாப்பிள்ளை கல் சுமந்தால்தான் கலியாணம். துறையிலிருந்து பெண்வீட்டு வாசல் படலைவரை தலையில் ஒரு முருகைக்கல்லைச் சுமந்து வரவேண்டும். தலையில் வைக்கிற சும்மாடு சாதாரணத் துணியில்லை, சரிகை போட்ட சிவப்புப் பட்டு, அது மாஸ்ரரின் குடும்பத்து அலுமாரியில் வழிவழியாக இருக்கிறது. அதை மூன்று முறுக்கு முறுக்கி, நுனியை இடப்பக்கம் செருகவேண்டும். வலப்பக்கம் செருகினால் குடும்பம் விளங்காது என்று மாஸ்ரரே ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் கட்டிவிடுவார். ஏன் சுமக்கிறோம் என்று கேட்டால் "வீரத்துக்கு" என்பார்கள். நானும் சுமந்தேன். கழுத்துப் பிடித்து மூன்று நாள் படுத்துக் கிடந்ததுதான் மிச்சம், வீரத்தைக் காணவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதின்மூன்று பேரும் மூட்டை முடிச்சோடு துறைக்கு வந்தார்கள். ஒரு கோழி, இரண்டு பூசணிக்காய், பள்ளிக்கூடப் புத்தகங்கள். பழனியாண்டி என்னைக் கும்பிட்டு, "மாமனாரத்தான் விட்டுட்டுப் போறோங்க, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றான்.

பிள்ளைகள் ஏணியில் இறங்கி லோஞ்சில் ஏறினார்கள், கடல் பதினேழாம் படிக்கு இறங்கியது. தம்பி குடும்பம் ஏறியது, பதினெட்டு. கொழுந்தி குடும்பம் ஏறியது, பத்தொன்பது. கோபுரம் வானத்தில் அப்படியே நிற்கிறது, கல் ஒன்றும் குறையவில்லை, பின்னே என்ன குறைகிறது? கிணற்றடியிலிருந்து யாரோ, "ஐயோ, வாளி கல்லிலை முட்டுது!" என்று கத்தினார்கள். பழனியாண்டி கடைசித் தகரப்பெட்டியைத் தூக்கத் தோள்துண்டை எடுத்தான். மூன்று முறுக்கு முறுக்கினான், நுனியை இடப்பக்கம் செருகினான், தலையில் வைத்தான்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் இறங்கிப் பெட்டியோடு லோஞ்சில் ஏறிவிட்டான். மாரியாயி ஒரு காலை ஏணியில் வைத்தபடி, இறங்க மனமில்லாமல் சவுக்கு மரப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். லோஞ்சு ஓட்டுகிற சூசை எஞ்சினை முடுக்கினான்.

"அண்ணை, அவ இறங்கினதும் கயிறை விடுங்கோ!"

"விடமாட்டன்."

"என்ன விசரே உங்களுக்கு?"

"ஓமடா, விசர்தான். நாப்பத்தொரு வரியமா விட்டு விட்டுத்தான் விசர் பிடிச்சது!" கயிற்றை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்குமேல் நானும் குந்திவிட்டேன். லோஞ்சு இழுத்தது, என் உள்ளங்கை உரிந்தது.

மாஸ்ரர் சேட்டுப் பொத்தான் போடாமல் ஓடி வந்தார், பின்னால் ஊரே வந்தது. "பஸ்தியர், கிணறு வத்துது! கோபுரம் அங்கை நிக்குது, கிணறு வத்துது!"

"மாஸ்ரர், ஒண்டு கேக்கிறன். கோட்டை எந்தக் கல்லிலை கட்டினது?"

"எங்கடை கல்லுத்தான். இதென்ன கேள்வி இந்த நேரத்திலை?"

"வீட்டுக்குள்ளை கிடக்கிற சாமானை இந்த மூலையிலையிருந்து அந்த மூலைக்கு மாத்தி வைச்சால் வீடு கனக்குமோ? கோட்டை கனக்கேல்லை. கோபுரமும் கனக்கேல்லை. பறங்கியும் கனக்கேல்லை, அவன் போறதுக்கெண்டே வந்தவன். அந்த நேரம் வெளியிலையிருந்து வந்து தங்கினது ஆர்? கல்லுச் சுமந்தவை. அவைதான் அஞ்சு படி."

மாஸ்ரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவருடைய கண் லோஞ்சில் நின்ற பழனியாண்டியின் தலையில் போய் விழுந்தது. பெட்டியை இறக்கிவிட்டான், சும்மாடு தலையில் அப்படியே இருந்தது. மாஸ்ரர் மூன்று முறுக்கையும் பார்த்தார், நுனியைப் பார்த்தார். அவருடைய குரல் மாறிவிட்டது.

"தம்பி, உந்தச் சும்மாடு... இடப்பக்கம் செருகச் சொல்லி ஆர் காட்டித் தந்தது?"

"யாரும் காட்டலிங்க. எங்கப்பாவும் இப்பிடித்தான். வலது கை சுமைக்கு வேணுமில்லங்களா?"

கலியாணம் கட்டிய ஆம்பிளைகள் எல்லோரும், நான் உட்பட, கோட்டைக்குக் கல் சுமந்தவர்களின் தலைதானா இதுவும் என்று தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டோம். மாஸ்ரர் மெல்லப் படியில் குந்தினார், கோட்டை இருந்த திசையைப் பார்த்தார், பிறகு ஏணியில் நின்ற மாரியாயியிடம், "பிள்ளை, இறங்காதை. மேலை ஏறு. எல்லாரும் ஏறுங்கோ" என்றார்.

மாரியாயி ஏறவில்லை. ஒரு கை ஏணியிலும் ஒரு கை வயிற்றிலுமாக நின்றபடி சொன்னாள்: "இருக்கிறதுன்னா கடைசி வாளியா இருக்க மாட்டோங்க. வரிசையில வந்த எடம் எங்க எடம். பிள்ளைங்க பேர் பள்ளிக்கூடத்துல அப்பிடியே இருக்கணும். அப்புறம், அந்தக் கொட்டில் ஒழுகுதுங்க."

"என்ரை மூத்தவன்ரை வீடு பூட்டித்தான் கிடக்கு" என்று மாஸ்ரர் முனகினார். "அவன் என்ன சொல்லுவானோ தெரியேல்லை."

"இஞ்சை வந்து குந்திக்கொண்டு சொல்லச் சொல்லுங்கோ" என்றேன்.

முதலில் யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், மாஸ்ரரும் சிரித்தார், சூசை எஞ்சினை நிற்பாட்டிவிட்டுப் பீடி பற்ற வைத்தான். மாரியாயி காலை எடுத்துத் திரும்பத் தரையில் வைத்தாள். பிள்ளைகள் ஏணியில் ஏறினார்கள், கடல் அவர்களுக்குப் பின்னால் ஒரு படி ஏறியது. தம்பி குடும்பம் ஏறியது, கடல் ஏறியது. கொழுந்தி குடும்பம் கோழியோடு ஏறியது, கடல் ஏறியது. கடைசியாகப் பழனியாண்டி பெட்டியோடு ஏறி வந்தான். மாஸ்ரர் அந்தப் பெட்டியை அவன் தலையிலிருந்து தன் கையால் இறக்கினார். வீட்டுத் திறப்பை மாரியாயியின் கையில் கொடுத்த பின்னேரம் கடல் பதினைந்தாம் படியில் வந்து நின்றது. நான் பிலோமினாவிடம் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன், சொல்லிவிட்டு நன்றாக அழுதேன், அது துக்கத்தில் வந்த அழுகையில்லை.

அடுத்த கிழமையே கிணற்றுக் கயிறு நீளம் கூடிப்போய்க் காலில் சிக்கத் தொடங்கியது. கிணறு எங்களுக்கு இதுவரை தராத கரைச்சல் இது. வெட்டவேண்டியதுதான் என்றார்கள். வெட்டிய துண்டுகளில் எது நல்லதென்று மாரியாயி இழுத்து இழுத்துப் பார்த்து, பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தொட்டில் கட்ட ஒன்றை எடுத்துக்கொண்டாள். நீல நைலோன். என் முடிச்சு அதில் அப்படியே இருந்தது. "இத எடுத்துக்கிடவாங்க?" என்று கேட்டாள். எடு பிள்ளை, எடு என்றேன்.

ஐப்பசி மழையில் பெண்பிள்ளை பிறந்தது. யாரையும் கூடையில் இறக்கவேண்டி வரவில்லை, மருத்துவிச்சியே லோஞ்சில் வந்து படியேறி வந்தாள். மறுநாள் கயிறு பிடிக்கப் போனால் கடல் பதினாலாம் படியில் நிற்கிறது.

அன்றைக்கு ஜெறோம் போன் எடுத்தான். "அப்பா, விசாவுக்கு எழுதட்டே? எப்ப வாறியள்?"

"எப்பிடியடா வாறது? போறவன் கிணத்துக்கு ஒரு முழம் கயிறு குடுக்கோணும். என்னட்டை இருந்தது உன்ரை கயிறு ஒண்டுதான், அதிலை ஒரு பிள்ளை நித்திரை கொள்ளுது."

"முடிச்சு இறுக்கமாக் கிடக்கோ அப்பா?" என்று கேட்டான்.

"கிடக்கு" என்றேன்.